பச்சை மேல் ஆரஞ்சு

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில்
பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு
முனவ்வர் சொன்னான்:
"பச்சை மேல ஆரஞ்சு ஊத்த வாணாம் மேடம்.
ரெண்டும் சேந்தா கூழாய்டும்."

தொண்ணூற்றெட்டு மாடல் எஸ்டீம்.
ஜீவனாம்சமாக நான் கேட்டது
இது ஒன்றைத்தான்.
ரகோத்தமன் கையெழுத்துப் போட்டு
சாவியை மேசையில் தள்ளினார்.

அடியில் வைத்த டப்பில்
முதலில் விழுந்தது பச்சையே இல்லை,
டீத்தூள் நிறம்.
போர் தண்ணீரையே ஊற்றி
ஓட்டியிருக்கிறார் மனுஷன்,
பதினோரு வருஷம்.

பேட்டரி தண்ணீரில் மூன்று தடவை கழுவினோம்.
நாலாவதில்தான் டப்பின் அடி தெரிந்தது.
பிறகு ஆரஞ்சு,
புனல் வழியே, அவசரமில்லாமல்.

பாலாற்றுப் பாலம் தாண்டியும்
முள் பாதியிலேயே நின்றது.
விருதம்பட்டில் ஓரங்கட்டினோம்.
வண்டிக்குக் கீழே
ஆரஞ்சாய் ஒரு வட்டம்,
பார்க்கப் பார்க்கப் பெரிதாகிறது.

முனவ்வர் குனிந்து
விரலால் தொட்டுப் பார்த்தான்.
"துருதான் மேடம்
இத்தினி நாளு ஓட்டைய அடைச்சிகினு இருந்துது.
நாமதான் கழுவி எடுத்துட்டோம்.
புது ரேடியேட்டர் நாலாயிரம் ஆவும்."

மே மாத வெயிலில்
நடுரோட்டில் நான் சிரித்த சிரிப்பில்
பயந்துவிட்டான் போல.

"மூவாயிரத்து ஐநூறுக்குக்
கேட்டுப் பாக்கறேன்."