மஞ்சு_0001

கோத்தகிரி. இரவு பதினொன்றரை.
கம்பளிக்குள் கால்,
மடிக்கணினிக்குள் மஞ்சு.

ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு
கம்பி இழுத்தேன்:
இரைச்சல், மங்கல், துளி நீலம்.
திரையில் மூட்டம் நகர ஆரம்பித்தது.
அழகுதான்,
ஆனால் கிராபிக்ஸ் கார்டின் நினைவில் மட்டும்.
அடுத்த ஃபிரேம் வந்தால் போச்சு.

கடைசியில் சேமிக்கும் பெட்டி.
அறுநூறு படம் கேட்டிருக்கிறார் பெள்ளிராஜ்,
ஓட்டல் வரவேற்பறைச் சுவருக்கு, விடிவதற்குள்.
ஓடவிட்டு டீ போடப் போனேன்.

திரும்பினால்
ஃபோல்டரில் ஒரே ஒரு படம்.
பெயரோடு எண்ணை ஒட்ட மறந்திருக்கிறேன்.
அறுநூறு முறை
தன் மேலேயே எழுதி
தன்னையே அழித்திருக்கிறது.

மிஞ்சியதைத் திறந்தேன்.
வலது ஓரம் கொஞ்சம் சாம்பல்,
மீதியெல்லாம்
ஒன்றுமில்லை என்பதைக் காட்டும்
சதுரங்கக் கட்டம்.

ஜன்னல் கண்ணாடியை முழங்கையால் துடைத்தேன்.
எதிர்ச் சரிவில் கொழுந்து லாரி விளக்கு
தெரிந்தது. இல்லை.
இரண்டு வளைவு கீழே மறுபடி தெரிந்தது.

எண்ணைச் சேர்த்து ஓடவிட்டேன்.
டீயில் ஆடை படிந்திருந்தது.
போன் அதிர்ந்தது, பெள்ளிராஜ்:
'அசைய வேண்டாமாம் சார்,
ஓனர் ஒரு படம் போதும்னுட்டார்.'

எந்த ஒன்று என்று கேட்டனுப்பினேன்.

மஞ்சு_0213.
மஞ்சு_0214.