ஒன்பதாவது பலகை

தொலைபேசியில் எல்லோரும் கேட்பது
ஒரே ஏழெட்டுக் கேள்விகள்தான்.
பனி உருகிவிட்டதா. குடிலில் வெந்நீர் உண்டா.
மலையாடு கட்டாயம் தெரியுமா, எத்தனை மணிக்கு.
(ஆடுகளுக்கு நாங்கள் அட்டவணை கொடுப்பதில்லை என்று
ஒருமுறை சொல்லிவிட்டு மேலாளர் கொராடினிடம்
நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

ஜூன் இரண்டாம் வாரம். எங்கடின் பள்ளத்தாக்கு முழுக்க மழை.
அலுவலகத்தில் ஈரக் காலுறை வாடை.
அப்போது ஒரு குரல்:
"பாசலிலிருந்து வூர்க்லர் பேசுகிறேன்.
ஆகஸ்டில் உங்கள் பூங்காவுக்கு வர
இப்போதே திட்டம் போடுகிறேன். எனக்குக் கண் தெரியாது.
நாயை உள்ளே விடமாட்டீர்கள், அது தெரியும்.
ஸெர்னெத்ஸ் ரயிலடியில் தங்கையோடு இருக்கும்.
அவளுக்கு நடக்கப் பிடிக்காது, அதற்குப் பிடிக்கும்,
என்ன செய்ய.
நண்பன் ஒருவன் தோள் தருவான்.
பாதை எப்படி, சொல்லுங்கள்."

வழக்கம்போல் ஆரம்பித்தேன்:
முதல் மேடு ஏறியதும் எதிரே வெள்ளைச் சிகரம்,
கீழே பச்சை...
நிறுத்தினேன்.
பன்னிரண்டு கோடை இந்த நாற்காலியில்.
என் வாயில் இருந்ததெல்லாம் தபால் அட்டைகள்.

"இரண்டு நாளில் கூப்பிடுகிறேன்" என்றேன்.
"அவசரமில்லை, மலை எங்கே போய்விடப்போகிறது" என்றார்.
போகிறது என்று சொல்ல வந்தேன்.
கல் கல்லாக ஆற்றில் உருண்டு போய்க்கொண்டேதான் இருக்கிறது,
இரவில் ஜன்னலைத் திறந்தால் கேட்கும்.
ரிசீவரை வைத்த பிறகுதான் உறைத்தது,
எனக்கு அது கேட்கிறது என்பது.

புதன்கிழமை விடுப்பு. முதல் மஞ்சள் பஸ்.
"லீவிலும் வேலையா, உர்சினா?" என்றான் ஓட்டுநர் துரி.
காட்டு முகப்பில் இறங்கிக் கண்ணை மூடி நடந்தேன்.
நாலாவது அடியில் லார்ச் வேர் தடுக்கி
முழங்காலில் தோல் பெயர்ந்தது.
எழுதிக்கொண்டேன்: வேர்.

கண் ஏமாற்றியது, இமை தானாகப் பிரிந்தது.
கழுத்துத் துணியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டேன்.
கடந்து போன ஒரு குடும்பத்தில் குழந்தை கிசுகிசுத்தது:
"அம்மா, அந்த ஆன்ட்டி தூங்கிக்கொண்டே நடக்கிறாங்க."

ஊசியிலை மெத்தை முடிவது காலுக்குத் தெரிகிறது.
கன்னத்தில் வெயில் விழுந்தால் காடு முடிந்தது என்று அர்த்தம்.
மார்மட் ஒரே ஒரு சீட்டி அடித்தால் மேலே கழுகு,
விடாமல் அடித்தால் தரையில் ஆபத்து,
அநேகமாக நாம்தான்.
அப்புறம் ஓர் இடம், எதுவுமே கேட்காத இடம்,
அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்
தாளில் ஒரு கோடு மட்டும் போட்டேன்.

மாலை அழைத்தேன்.
"வேரைத் தாண்டி இருநூற்றுப் பதினாறு அடி,
என் அடி, உங்களுக்குக் குறையலாம்.
அதுவரை ஆறு உங்கள் இடது காதில் இருக்கும்.
பிறகு இடப்பக்கம் திரும்பினால் காலடியில் மரம் ஒலிக்கும்.
பதினான்கு பலகை. ஒன்பதாவது ஆடும், பயப்படாதீர்கள்.
பாலம் முடிந்து வலப்பக்கம் திரும்புங்கள்,
ஆறு வலது காதுக்கு மாறியிருக்கும்."

எதிர்முனையில் பேச்சில்லை.
டக், டக், டக்.
தடித்த தாளில் ஊசி குத்தும் சத்தம்.
"கொஞ்சம் மெதுவாக" என்றார்,
"ஒன்பதாவது பலகையிலிருந்து
மறுபடி சொல்லுங்கள்."