தவறிய அட்டைகள்

நுழைவுத்தேர்வு வரைக்கும்
தினம் இருபது சொல், பத்துக் கணக்கு.
யாழிசை தவறவிட்ட அட்டைகளை
ரப்பர் வளையம் மாட்டி
என் சீருடைப் பையில் திணிப்பாள்:
"ராத்திரி வந்ததும் கேளும்மா."

ஈசூன் முனையத்தில் ஏழு நிமிட இடைவேளை.
கோப்பி ஓ ஆறுவதற்குள் இரண்டு சொல்.
ஸ்டியரிங்கில் சாய்த்து எழுத்துக்கூட்டுகிறேன்:
ஆம்பிகுவஸ். ரிலக்டன்ட்.
மழையில் ஒரு பையன்
கடைசிப் படியில் நின்று நின்று இறங்கினான்;
ரிலக்டன்ட் பதிந்துவிட்டது.

பின்னக் கணக்குதான் பிடிபடவில்லை.
தொட்டியில் ஐந்தில் இரண்டு பங்கு நீர்,
யாரோ குழாயை மூடாமல் போகிறார்கள்,
எப்போதும்.

நேற்று ஒரே அட்டைதான் தந்தாள்.
உறங்கப் போனவளிடம் சொல்லவில்லை:
அவளுக்குத் தெரிந்த சொல் ஒன்றுகூட
எனக்குத் தெரியாது.
தெரியாதவை அத்தனையும்
மனப்பாடம்.