வாடை

ஊறுகாய் டப்பாவுக்குள் மூக்கு மாட்டிக்கொண்ட
பிணைமான் அது.
டப்பாவின் அடி உடைந்திருந்ததால் மூச்சு வந்தது,
தொட்டித் தண்ணீரை நக்க முடிந்தது,
வாயை மட்டும் திறக்க முடியவில்லை.
கிண்டிக் காட்டின் ஆலமரத்தடியில்
மற்றவை பழம் பொறுக்குவதைப்
பார்த்துக்கொண்டு நின்றது.

“பன்னிரண்டு மீட்டர்” என்றார் டாக்டர் மெஹருன்னிசா.
அதற்கு மேல் ஊதுகுழல் ஊசி போய்ச் சேராது.
“அதுக்கு இப்ப மூக்கு இல்லை.
ஆனா சுத்தி முப்பது மூக்கு இருக்கு.
உன் வாடை பட்டா போச்சு.”

தை மாதம்.
வாடை வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது.
காற்றுக்கும் நாற்றத்துக்கும் ஒரே சொல்லை வைத்தவர்
ஏதோ ஒரு மானின் பின்னால் அலைந்தவராக இருக்கவேண்டும்.
தெற்கு மதிலை ஒட்டி
முட்டி தேயத் தவழ்ந்தேன்.

முதல் நாளே சோப்பை விட்டிருந்தேன்,
பவுடரை, தலைக்கு எண்ணெயை.
சட்டையை ஆலஞ்சருகோடு சேர்த்துக்
கோணிப்பையில் கட்டிப் போட்டிருந்தேன்.
இரண்டாம் நாள் டீ, வெங்காயம்,
தேவகிருபையின் பக்கத்தில் படுப்பது.

சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவள்.
எலுமிச்சை போட்டுத் தேய்த்தாலும்
நகக்கண்ணில் வஞ்சிரம் குடியிருக்கும்.
பாயை நான் சமையலறைக்கு இழுத்தபோது
“எட்டு வருஷமா நாறலையே” என்றாள்
சுவரைப் பார்த்து.

மூன்றாம் நாள் மான்புழுக்கையைக் கரைத்து
பூட்ஸில் பூசினேன்.
விடியுமுன் வந்து தொட்டிலைத் தொட்டேன்.
எட்டு மாதத்துப் பையன்
இருட்டில் என்னை முகர்ந்தான்,
முகர்ந்து வீறிட்டான்.
விளக்கைப் போட்டு முகத்தைக் காட்டியும்
அவனுக்கு நம்பிக்கை வரவில்லை.

மூன்று நாளும் ஒரே கதை.
நாற்பது மீட்டரில்
காது கிழிந்த ஒரு கிழட்டுப் பெட்டை
முன்காலால் தரையைத் தட்டும்.
வால்கள் வெள்ளையாக நிமிரும்.
அப்புறம் வெறும் மரம்,
மதிலுக்கு வெளியே பஸ் ஹாரன்.
டப்பாக்காரிக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

நான்காம் நாள் தூங்கிப்போனேன்.
எழுந்தது ஏழுக்கு. குளிக்கவில்லை.
பசி தாங்காமல்
நெத்திலிக் கருவாட்டோடு பழையதை அள்ளிப் போட்டுக்கொண்டு
மச்சானின் லோடு ஆட்டோவில் தொற்றி,
கேட்டு வாசலில் டீ வாங்கி
பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன்.
போதாததற்குக் காற்றும் திரும்பி
என் முதுகுக்குப் பின்னாலிருந்து வீசியது.
டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

கிழட்டுப் பெட்டை நிமிர்ந்தாள்.
மூக்கு இரண்டு முறை விரிந்தது.
டீசல். கருவாடு. டீத்தூள். ராத்தூக்கத்து வேர்வை.
குனிந்து ஆலம்பழத்துக்குத் திரும்பிவிட்டாள்.

புலியைப் பார்த்திராத மான்கள்.
தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஏகாம்பரத்தையும்
குப்பை அள்ளுகிற ரத்தினபாயையும்
குட்டியிலிருந்தே மோந்து வளர்ந்தவை.
மூன்று நாளாய் அவற்றிடம் வந்தது
இரண்டு கால் உள்ள,
எந்த வீட்டுக்கும் சொந்தமில்லாத ஒன்று.
நானாயிருந்தாலும் ஓடியிருப்பேன்.

பதினொரு மீட்டர். ஊதினேன்.

கண்ணுக்குத் துணி கட்டி
டாக்டர் இடுக்கியால் டப்பாவை நறுக்கினார்.
மாங்காய் ஊறுகாய்.
இத்தனை நாள் அவளுக்கு
உலகம் முழுக்க அந்த ஒரே வாசனைதான்.
தெளியவைக்கிற ஊசி போட்டுத்
துணியை அவிழ்த்தபோது
தலை என் மடியில் கிடந்தது.

மூக்கு நனைந்தது.
என் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை
நிதானமாக ஒரு மூச்சு இழுத்தாள்,
ஒன்றையும் விடாமல்.

பிறகு என் முகத்திலேயே தும்மிவிட்டு
எழுந்து ஓடினாள்.