வானம் கூடிப்போன படம்

கார்த்திகை. விடாமல் மூன்றாம் நாள் மழை.
பருத்தித்துறை பஸ்ஸில் யன்னலோரம் நான்.
மடியில் கமரா,
சீனி வாங்கின பொலித்தீன் பைக்குள்
லென்ஸ் மட்டும் மூக்கை நீட்டிக்கொண்டு.

கஸ்தூரியார் வீதியில் நாலு தவணைக்கு எடுத்தது.
இரண்டு இன்னும் கிடக்கிறது.
கிழமை நாட்களில் மருந்துக்கடையில்
டொக்டர்மாரின் கையெழுத்தோடு மல்லுக்கட்டுகிறவன்
ஞாயிறானால் இப்படி.

இதுவரை சேர்ந்தவை:
வடலி ஓலையில் ஒரு துளி, பதினேழு தரம்;
பதினாறு மங்கல்.
பண்ணைக் கடலில் களங்கட்டித் தடியில்
இறகு காயவைக்கும் நீர்க்காகம்.
நயினாதீவு வள்ளத்தில் யாரோ ஒருவரின் முழங்கை,
அதற்குப் பின்னால்
நான் எடுக்க நினைத்த கடல்.

வல்லை வெளியில் பூநாரை இறங்கியிருக்கு என்று
எக்ஸ்ரே எடுக்கிற நிதர்சன் சொன்னதில்தான் ஏறினேன்.
ஆவரங்கால் தாண்டப் பஸ் நின்றது.
சாரதி இறங்கி, வீதியைக் கடந்தோடும் வெள்ளத்தில்
ஒரு காலை வைத்துப் பார்த்து
"இனி ஏலாது" என்றுவிட்டு
தேத்தண்ணிக் கடைக்குள் போய்விட்டான்.

நடந்தேன்.
செம்மண் தோட்டமெல்லாம் ஒரே கண்ணாடி.
தலைகீழாய்த் தென்னை,
தலைகீழாய் ஒரு நீர்ப்பம்பிக் கொட்டில்,
தன் நிழலின் பாதத்தில் பாதம் வைத்தபடி
ஒரு கொக்கு.
முட்டுக்காலில் இருந்தேன்.
மூச்சைப் பிடித்தேன்.

"தம்பி, உது கமராவோ?"

கொக்கு எழும்பிவிட்டது.

உரப்பையைக் கவிழ்த்துத் தலையில் போட்டிருந்தா.
பவளராணி என்று பிறகு சொன்னா.
முழங்காலுக்கு மேலே தண்ணி.
நான் கண்ணாடி என்றது
அவவின் ஆறு பரப்பு வெங்காயம்.

"நட்டுப் பதினெட்டு நாள்.
கமநல சேவைக்குப் படம் குடுக்கவேணுமாம்.
என்ர போன் தண்ணி குடிச்சிட்டுது.
வடிவா வேண்டாம், விளங்கினாச் சரி.
திகதி விழுமோ?"

விழும் என்றேன்.
முழங்கை மட்டும் கையை விட்டுத் துழாவி
ஒரு பூண்டைப் பிடுங்கித் தூக்கிக் காட்டினா.
தாள் ஈரமயிராய்த் தொங்கியது.
மண்வெட்டியை நடுவில் ஊன்றி,
பிடியில் தண்ணி எதுவரைக்கும் நிற்குதென்று
விரலால் தொட்டுக்கொண்டு நின்றா.
லென்ஸில் புகார்.
துடைக்க நனையாத துணி
எங்கள் இருவரிடமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை நாலு படம் கழுவி எடுத்துக்கொண்டு போனோம்.
அலுவலர் முதலாவதைத் தூக்கி
வெளிச்சத்தில் பிடித்தார்.
"நல்ல படம்தான். வானம் கூடிப்போச்சு.
இதில வெங்காயம் எங்கை?"
உண்மை.
முக்கால்வாசி முகில்,
மூலையில் ஒரு வெள்ளைக் கீறல், பறந்துபோன கொக்கு.
அடியில் ஒரு நூலளவு தோட்டம்.

அவர் எடுத்துக்கொண்டது நாலாவதை:
கலங்கல் தண்ணி, மண்வெட்டிப் பிடி,
ஓரத்தில் என் பெருவிரலின் பாதி.
வெள்ளத்தின் நடுவால் கம்பி ஏற்றி
படிவத்தோடு சேர்த்தார்.
வட்ட முத்திரை விழுந்தது.
நான் எடுத்ததில் முத்திரை விழுந்த படம் அது ஒன்றுதான்.

பூநாரைகளை நிதர்சன் அனுப்பியிருந்தான்.
ஒவ்வொரு இறகும் எண்ணலாம்.
நன்றாயிருக்கு என்று எழுதி, அழித்து,
திரும்ப அதையே எழுதினேன்.

நட்டஈடு வரவில்லை. மூன்றாம் தவணை வந்துவிட்டது.
நேற்று இரவு பவளராணி, யாருடையதோ போனிலிருந்து:
"தம்பி, வெள்ளத்துக்கு முந்தின படமும் வேணுமாம்."

கமராவைத் திறந்து பின்னோக்கிப் போகிறேன்.
நீர்க்காகம். முழங்கை. வடலி, வடலி, வடலி.
இரண்டு கிழமைக்கு முந்தி
இதே வீதியில், ஓடுகிற பஸ்ஸுக்குள்ளிருந்து
யன்னல் கண்ணாடியில் வழியும் ஒரு துளி.
அது கூர்மை; அன்று அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.
துளிக்குப் பின்னால்
வரிவரியாய், மங்கலாய், ஏதோ பச்சை.

பெருப்பித்துப் பார்க்கிறேன்.
இன்னும் பெருப்பிக்க
சதுரம் சதுரமாய் உடைகிறது பச்சை.