மைனஸ் முப்பதில் பத்து நிமிடம்

திபடோ,
உன் பாட்டிலை என் மேசையிலிருந்து எடுத்துவிடு.
நேற்று காபி என்று நினைத்து
வாய்வரை கொண்டுபோய்விட்டேன்.
பாதிவரை உன் பழுப்பு எச்சில்.
சிரிக்காதே. சரி, சிரித்துக்கொள்,
ஆனால் எடுத்துவிடு.

எனக்கு இது பத்தொன்பதாவது நாள்.
நாளாகச் சொன்னால் பெருமையடிப்பதுபோல் இருக்கிறது.
எஞ்சினுக்கு எழுதுவதுபோல மணிக்கணக்கில்தான் எழுதுகிறேன்:
நானூற்று நாற்பத்தொன்று.
பதிவேட்டின் கடைசித் தாளில், பென்சிலால்,
அழிக்க நேர்ந்தால் அழிக்கலாமே என்று.
இதற்குமுன் இரண்டு முறை அழித்திருக்கிறேன்.

நம் கருவிப் பெட்டியில்
ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதனதன் உருவில் ஒரு பள்ளம்.
ஒன்று காலியென்றால் விமானம் நகராது.
ராத்திரி இரண்டு மணியானாலும்
எல்லோரும் மண்டியிட்டுப் பனியைத் துழாவுவோம்.
முதல் வாரம் என் உடம்பு அப்படி இருந்தது.
சாப்பிட்டதும் ஒரு பள்ளம்.
ஷிஃப்ட் முடிந்ததும் ஒரு பள்ளம்.
அம்மாவிடம் பேசிவிட்டுப் போனை வைத்ததும்
ஆழமாய் ஒன்று.
விரல்கள் சட்டைப் பையைத் தட்டித் தட்டித் தேடின.
தொலைந்தது எதுவுமில்லை என்று
விரல்களுக்கு யார் சொல்வது?

மருத்துவப் பிரிவில் தோளில் ஒட்ட ஒரு பட்டை தந்தார்கள்.
வாங்கி ஒட்டிக்கொண்டேன்.
கால் உடைந்தவன் ஊன்றுகோலுக்கு வெட்கப்படுவானா?

உண்மையைச் சொல்கிறேன்,
புகையைவிட விடமுடியாமல் இருந்தது அந்தக் கொட்டகை.
ஹேங்கருக்குப் பின்னால்,
மூன்று பக்கம் தகரம், நான்காவது பக்கம் முழுக்க வடக்கு டகோட்டா.
அங்கேதான் கர்னலுக்கும் எனக்கும் ஒரே நெருப்பு.
யார் குவாமுக்கு, யார் வீட்டுக்கு என்பது
ஆணை வருமுன் அங்கே வந்துவிடும்.
ப்ரூயிட்டின் மனைவி போய்விட்டதை அங்கேதான் கேட்டோம்,
என்ன சொல்வதென்று தெரியாமல்
ஆளுக்கொரு சிகரெட்டை நீட்டினோம்.
புகைக்காதவனுக்கு இந்த ஓடுதளத்தில் இடைவேளை கிடையாது.
பற்ற வைத்தால் பத்து நிமிடம்.
வெறுமனே நின்றால்
"அங்கே என்ன வேடிக்கை?"
பதினெட்டு வயதில் நான் பழகியது நிகோடினை அல்ல, திபடோ,
கொஞ்சம் உட்கார ஒரு காரணத்தை.

திங்களன்று ஹால்வர்சனிடம் போனேன்.
"சார்ஜெண்ட், பத்து நிமிடம் வேண்டும்."
"எதற்கு?"
"எதற்கும் இல்லை."
நிமிர்ந்து என்னையே பார்த்தாள்.
அவள் இழுப்பறையில் ஒரு அரைப் பாக்கெட் கிடப்பது எனக்குத் தெரியும்,
எனக்குத் தெரியுமென்பது அவளுக்கும் தெரியும்.
பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள்.
"ஒன்பதரைதான் மிச்சம். ஓடு."

வெளியே மைனஸ் முப்பது.
மூச்சு விட்டேன்,
கொட்டகையில் நான் விட்ட எந்தப் புகையையும்விடப் பெரிதாய்
ஒரு வெள்ளை மேகம் எழுந்து போனது.
வாயில் காவலிலிருந்த ஐடஹோ பையன்
அதைப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தான்,
நெருப்பு இருக்கிறதா என்று.
இல்லை, இது வெறும் மூச்சு என்றேன்.
அவனும் ஒன்று விட்டுப் பார்த்தான்.
அவனுடையதும் பெரிதுதான்.
திரும்பிப் போகாமல் பக்கத்தில் நின்றுகொண்டான்.

நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.
உன் கீழுதட்டின் உள்ளே, புகையிலையை அதக்கும் இடத்தில்
வெள்ளையாய் ஒரு தடிப்பு இருக்கிறது.
யாரும் பார்க்காதபோது நாக்கால் தடவிப் பார்க்கிறாய்.
நான் பார்த்தேன்.
வியாழன் எனக்கு லீவு, வண்டியும் இருக்கிறது.
பல் டாக்டரிடம் நீ உள்ளே போ,
நான் வெளியே பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதற்குமுன் நாளை, இரண்டேகால் மணி.
கொட்டகைக்கு அல்ல, எரிபொருள் லாரிக்கு இந்தப் பக்கம்,
இப்போது நாம் அங்கேயும் நிற்கலாமே.
சூரியகாந்தி விதை கொண்டுவருகிறேன்.
தோலைத் துப்ப ஏதாவது வேண்டும்.
அந்தப் பாட்டிலையே எடுத்து வா.
கழுவி.