பாலத்துக்குக் கீழே

பல் ஆஸ்பத்திரி மூடியபோது
ஏலத்தில் எடுத்த பெட்டி.
முதுகில் இன்னும் சீட்டு ஒட்டியிருக்கிறது:
அறை நான்கு, எக்ஸ்ரே.
கடைவாய்ப் பற்களின் வேர்களையே
பார்த்துப் பழகிய எந்திரத்திடம்
மலையேறு, மழையில் ஓடு, சுடு என்றால்
பாவம், அது என்ன செய்யும்.
நொடிக்குப் பதினோரு படம் காட்டியது.
நான் திரும்பிப் பார்ப்பதற்குள்
செத்திருப்பேன்.

"ஏதெரி, எங்கே போனாய்?" என்பான்
காஸ்பியன் கடலின் அக்கரையிலிருந்து பெய்பித்.
எனக்கு நாற்பத்துமூன்று வயதென்றோ
குதாயிசியில் ஒரு மருந்துக்கடையில்
இரவு முறை பார்ப்பவள் என்றோ
அவனுக்குத் தெரியாது.
தெரிந்ததெல்லாம்
பாலத்தில் எப்போதும் முதலில் விழுகிறவள் நான்.

இருநூறு லாரி சேர்த்தேன்.
லாரி எங்கள் பணத்தின் பெயர்.
சக்கரம் கிடையாது, ஆனாலும்
மாதம் பிறந்த நாலாம் நாள் ஓடிவிடும்.
எரிவாயு பில்லைத் தள்ளிப்போட்டு
பீன்ஸ் அடைத்த ரொட்டியை மதியங்களில் விட்டு
ஓடாமல் பிடித்து வைத்தேன்.
"இதைக் கட்டிக்கொண்டு அழாதே, புதிதாய் வாங்கு"
என்றான் மகன் தோர்னிகே.
புதியதன் விலையை அவனே தேடிப் பார்த்தான்.
அப்புறம் பேச்சில்லை.

மூன்றாம் மாடி ஜும்பெரி
காரில்லாத கார் ஷெட்டில்
பன்னிரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளை அடுக்கி
கண்ணுக்குத் தெரியாத காசு தோண்டியவன்.
இரண்டு குளிர்காலம்
அந்தக் கூரையில் மட்டும் பனி தங்கவில்லை.
தெருப் பூனைகளுக்கு அது முதலிலேயே தெரியும்.
மின்சாரக் கம்பெனிக்கு மெதுவாகத்தான் தெரிந்தது.

"நூற்றிருபது. உனக்காக."
"எத்தனை மணி நேரம் ஓடியது?"
"நிறுத்தியிருந்தால்தானே சொல்ல."

வாங்கி வந்து
சமையல் மேஜையில் பிரித்துப் போட்டேன்.
காய்ந்து வெடித்த பசையைச் சுரண்ட
கடையிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும்
(கணக்கில் எழுதித்தான் எடுத்தேன்).
விசிறி இதழ்களில் பூனை முடி.
துடைக்கத் துடைக்கத் தோன்றியது:
படம் வரையப் பிறந்த பொருள் இது.
ஒரு திரையோடும் இதைச் சேர்த்ததில்லை.
இரண்டு வருடம்
கணக்கு, கணக்கு, கணக்கு.
ஒரு மரம்கூட வரைந்ததில்லை.
என் கதையை இதன்மேல் ஏற்ற மாட்டேன்.
தாங்காது,
ஏற்கனவே நுனி தொங்குகிறது.

அச்சகத்துக்காரன் விற்ற பவர் சப்ளை
நாற்பத்தைந்து; சூடானால் மை வாசம்.
இன்னொரு ரேம், இருபத்தைந்து.
பழைய ரேமின் பொன்னிறப் பற்களை
தோர்னிகேயின் அழிப்பானால் தேய்த்தேன்.
பல் ஆஸ்பத்திரிக்குப் பழக்கமான வேலைதான்.
பசை ஏழு.
மிச்சம் மூன்று லாரி, அதற்கு ரொட்டி.

கார்டு நீளம். பெட்டி குட்டை.
ராத்திரி ஒரு மணிக்கு
ஹார்ட் டிஸ்க் கூண்டை இரும்பு ரம்பத்தால் அறுத்தேன்.
கீழ்வீட்டார் துடைப்பக் கட்டையால்
கூரையை இடித்தார்கள்.
அவர்கள் இடிக்கும் தாளத்திலேயே
அறுத்து முடித்தேன்.

பொத்தானை அழுத்தினேன்.
விசிறி சுற்றியது. திரை கறுப்பு.
அணைத்து, கழற்றி, மாட்டி, அழுத்தி,
கறுப்பு.
நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.
ஒரு மாதத்து மதியங்கள்
பசியாய்த் திரும்பி வந்தன.

ரொட்டியிலிருந்து தலை நிமிராமல் தோர்னிகே சொன்னான்:
"அம்மா, வயரைப் பழைய ஓட்டையில் செருகியிருக்கிறாய்."

ஐம்பத்துநாலு.
மூலையில் அந்தப் பச்சை எண்ணை
மூன்று முறை படித்தேன்.
பெட்டியின் ஒரு பக்கம் மூடவில்லை, மூடாது.
மழை பெய்துகொண்டிருந்தது.
இத்தனை நாள் வெறும் சாம்பல் பலகையாய் இருந்த இடத்தில்
பாலத்துக்குக் கீழே
ஆறு ஓடியது.
ஒவ்வொரு துளியும் அதில் ஒரு வட்டம் போட்டது.
கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தேன்.

"ஏதெரி, குனி! குனி!"

இன்றும் நான்தான் முதலில் விழுந்தேன்.